திரைக்கு ஒதுக்கிய இடம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் சர்வேயர் அக்கா என்பார்கள். ஆனால் அவள் வாழ்நாளில் ஒரு சாண் நிலம்கூட அளந்ததில்லை. ஆஸ்பத்திரி, வங்கி, வரி அலுவலகம் என்று மனிதர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போகும் இடங்களில் சுவரில் ஒரு திரை தொங்குமே, அடுத்த டோக்கன் யாருடையது என்று காட்டிக்கொண்டு, அதைச் செய்து விற்கிற சின்னக் கம்பெனி அது. திரையின் முதுகில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு ஒட்டியிருக்கும். அந்தப் போர்டில் எது எங்கே இருக்கிறது என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. அந்த விவரக் கோப்பை எழுதுவதுதான் அவள் பிழைப்பு.

கோப்பில் ஒரு பத்தி மெமரியைப் பற்றியது. இந்த முகவரியில் தொடங்கி இவ்வளவு தூரம் திரைக்கென்று ஒதுக்கியது, இதை வேறு எந்தப் புரோகிராமுக்கும் கொடுக்காதே, நீயும் கை வைக்காதே என்று அதில் எழுதியிருக்கும். திரை ஒரு அப்பாவிப் பிறவி. தனக்கு ஒதுக்கிய இடத்தில் என்ன கிடக்கிறதோ அதை அப்படியே காட்டும். யாராவது தெரியாத்தனமாக அங்கே தன் சாமானைக் கொண்டுவந்து போட்டால் சுவரில் கிறுக்கல் தெரியும். அதனால் எல்லை போட்டு, ஆக்கிரமிப்பு வராமல் காவல் காப்பதும் அவள் வேலைதான். சர்வேயர் என்ற பெயர் இப்படி வந்தது. வைத்தவன் யார் என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவனைக் காட்டுவார்கள்.

மகள் பிறந்தபோது வேலையை விட்டவள், மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு திரும்பி வந்தாள். அதற்கு வழி செய்தது அவள் வீட்டுக்காரர். அவர் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போனால் வாரக் கணக்கில் திரும்பாத ஓட்டம். "நீ படிச்ச படிப்பு பரண்ல கெடக்க வேணாம்" என்று சொல்லி, லாரியை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை சும்மா. சமையலும் துவையலும் மகளின் சடை பின்னலும் அவர் கைக்கு வந்தன. சடை மட்டும் கடைசி வரை கோணலாகவே வந்தது. மகள் இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வேன் அதே வேன், பிள்ளைகள்தான் வருடா வருடம் புதுசு.

அவருக்கு இன்னொரு புகழும் உண்டு, அது அவருக்கே சரியாகத் தெரியாது. அவர் பெயர் நீளம். தாத்தா, கொள்ளுத்தாத்தா இரண்டு பேரையும் திருப்திப்படுத்த வேண்டும் என்று யாரோ ஒட்டிவைத்த பெயர். திரையில் ஒரு வரிக்குள் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்து கீழே தொங்கும். திரையைச் சோதிக்க அதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? அவள் மேஜையில் எந்தப் போர்டை உயிர்ப்பித்தாலும் முதல் டோக்கன் அவருக்குத்தான். "அக்கா வீட்டு மாமா இன்னைக்கும் டாக்டரைப் பார்க்க வந்துட்டாரு" என்று பக்கத்து மேஜைகள் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு ஆஸ்பத்திரியின் கண் பிரிவிலிருந்து புகார் வந்தது. திரை ரீஸ்டார்ட் ஆகும்போது பட்டியலில் இல்லாத யார் யாரோ பெயர் வருகிறது, சில நொடியில் போய்விடுகிறது, நோயாளிகள் குழம்புகிறார்கள் என்று. கம்பெனியில் 'அவசரம்' என்று ஒரு மேலாளர் இருந்தார். காலை வணக்கத்தைக்கூட அவசரம் என்று சேர்த்துச் சொல்வார். அவர் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"பட்டியல்ல இல்லாத பேர்னா என்ன அர்த்தம்? நம்ம பசங்க டெஸ்டுக்குப் போட்ட பேரெல்லாம் அப்படியே மெஷினோட போயிருக்கு. அத்தை பேர், மாமா பேர், நாய்க்குட்டி பேர். மானம் போகுது அக்கா. அவசரமா போய்ப் பார்த்துட்டு வாங்க."

அவள் போனாள். கண் பிரிவுக்குப் பக்கவாட்டு நடைவழியாகக் கூட்டிப் போனார்கள். பதிவு மேஜையில் இருந்த பெண், எல்லோரும் டோக்கன் அக்கா என்று கூப்பிடுகிறவள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அலுப்பாகச் சொன்னாள்.

"சத்தம் வர்ற மாதிரி வெச்சிருந்தோம். டாக்டருங்களுக்குத் தலைவலியாம், ஸ்பீக்கரைப் பிடுங்கிட்டாங்க. இப்ப வெறும் எழுத்துதான். சாயங்கால ஷிப்டு மாறும்போது தானா அணைஞ்சு எழுந்திருக்கும் பாருங்க, அப்பதான் அந்தக் கூத்து. கம்ப்யூட்டர்ல தேடினா அந்தப் பேர்ல யாருமே இல்ல."

"இப்ப ஒரு தடவை அணைச்சுப் பார்க்கலாமா?"

"பாருங்க, பாருங்க. நான் அதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

யாரோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து திரைக்குக் கீழே போட்டார்கள். அவள் ஏறினாள். முதுகுக்குப் பின்னால் கூடம் நிறைய ஜனம், இருமலும் பேச்சும் செல்போன் சத்தமும். அவள் கண் எல்லாம் திரையின் அடியில் தொங்கிய ஒயர்களில் இருந்தது. திரையில் அப்போது என்ன இருந்தது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போர்டின் பக்கவாட்டில் இருந்த குட்டிப் பொத்தானை அழுத்திவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். திரை ஒரு தரம் கறுத்தது, மறுபடி விளக்கு வந்தது.

பெரிய எழுத்தில் அவள் வீட்டுக்காரர் பெயர். முழுப் பெயர், தாத்தா கொள்ளுத்தாத்தா சகிதம், கடைசி இரண்டு எழுத்து கீழே தொங்கிக்கொண்டு.

 ஊர் உலகத்து டெஸ்ட் பெயர்களில் தன்னுடையதே வந்து நின்று காட்டிக்கொடுக்கிறதே என்று அவளை அவமானம் பிடுங்கித் தின்றது. யார் கண்ணிலாவது படுமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மறுபடி செருகினாள். மணலைத் தூவினது மாதிரி திரையில் கொஞ்சம் பொடிப் புள்ளி, பிறகு இருட்டு, பிறகு ஒழுங்காக டோக்கன் பக்கம். பெயரைக் காணோம். இன்னொரு தரம் பிடுங்கிச் செருகினாள். மறுபடி புள்ளி மட்டும். டோக்கன் அக்கா டீ குடித்துவிட்டு வந்து, "கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல போய்ப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் வந்த வழியே வெளியேறினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. அது நிஜமாகவே அவராக இருந்தால்?

சீச்சீ என்று தள்ளினாள். கண் பிரிவில் அவருக்கு என்ன வேலை? ஆனாலும் தள்ளத் தள்ள அது திரும்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தது. பெயருக்கு மேல் டோக்கன் எண் இருந்திருக்கும். அவளுடைய டெஸ்ட் டோக்கன் எப்போதுமே பூஜ்யம்தான். திரையில் பார்த்தது பூஜ்யமா, வேறு எண்ணா? எவ்வளவு யோசித்தும் பெயர்தான் வருகிறதே ஒழிய எண் வரவில்லை. பார்த்தாளா இல்லையா என்றே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

அன்று மாலை வீட்டில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையை மாட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"என்னங்க, நீங்க இன்னைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் எங்கயாவது போனீங்களா?"

"ஆஸ்பத்திரிக்கா? நானா?" அவர் சிரித்தார். "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா நாலு பேர் தூக்கணும். ஏன், யாராவது பார்த்தேன்னு சொன்னாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? போய் முகம் கழுவிட்டு வா, காபி போடறேன்."

அவ்வளவுதான். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர் என்று அவளுக்குத் தெரியும். லாரி ஓட்டின காலத்தில் வழியில் குடித்ததைக்கூட வந்து சொல்லிவிட்டுத் திட்டு வாங்கினவர். ஆக, தப்பு மெஷினில்தான், அதாவது தன்னில்தான். இந்த முடிவில் அவளுக்குப் பெரிய நிம்மதி. தன் வேலையில் தப்பு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கின பெண்பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நிம்மதி மறுநாள் காலையிலேயே கெட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பின மொத்தக் கோப்புகளிலும் அந்தப் பெயரைத் தேடினாள். இல்லை. வேறு எழுத்துருவில் தேடினாள், துண்டு துண்டாகத் தேடினாள். இல்லை. அவள் பெயரும் இல்லை, அத்தை மாமா நாய்க்குட்டி எதுவும் இல்லை. அனுப்புவதற்கு முன் பசங்கள் சுத்தமாகத்தான் துடைத்திருந்தார்கள். எப்போதும் இல்லாத ஒழுக்கம் அன்றைக்குப் பார்த்து எங்கிருந்து வந்ததோ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சரி, எல்லைத் தகராறாக இருக்கும் என்று தன் விவரக் கோப்பைத் திறந்தாள். கண் பிரிவுக்குப் போன போர்டில் மெமரி குறைவு. அதனால் திரைக்கான இடத்தை அவள்தான் வேறு முகவரிக்கு நகர்த்தியிருந்தாள். நகர்த்தினதில் தொடக்கமோ நீளமோ பிசகி, பக்கத்து இடத்துச் சரக்கு திரையில் தெரிகிறதோ? கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள். பிசகு இல்லை. பிசகு இருந்தாலும்தான் என்ன? அடுத்த வீட்டுச் சாமான் உருண்டு வந்து விழுந்தால் கிறுக்கலாகத் தெரியுமே தவிர, அழகாக ஒரு ஆளின் பெயராகவா அடுக்கிக்கொண்டு நிற்கும்?

வேண்டுமென்றே எல்லையைத் தப்பாகப் போட்டுப் பார்த்தாள். கிறுக்கல் வந்தது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். மணல் புள்ளி வந்தது. பெயர் வரவே இல்லை. "வா, ஒரே ஒரு தரம் வந்துட்டுப் போ" என்று திரையிடம் வாய்விட்டே கெஞ்சினாள். பக்கத்து மேஜைக்காரன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

வீட்டில் அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். அது இன்னும் மோசம். செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், வயசாகிவிட்டால் எல்லோரும்தான் பார்க்கிறார்கள். முகம் மழித்ததில் தாடைக்குக் கீழே ஒரு திட்டு விட்டுப்போயிருக்கிறது, அவசரத்தில் விட்டிருப்பார். டிவியில் செய்தி ஓடும்போது முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கழுத்து வலியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒவ்வொரு காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள், அதுதான் உறுத்தியது. இதெல்லாம் புதுசா, இல்லை பல மாதமாகவே இருந்து தான்தான் பார்க்கவில்லையா என்றும் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலையில் அவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் வாசலில் நின்று பார்த்தாள். பின்னால் எடுத்தார், திருப்பினார், தெருமுனையில் விளக்குப் போட்டு நிதானமாக வளைந்தார். எப்போதும் போலத்தான். அந்த வண்டியில் இன்னும் சற்று நேரத்தில் சின்னச் சின்னப் பிள்ளைகள் ஏறி, இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டு உட்காரும். தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும், என் மேஜையிலிருந்தே போன பெயராக இருக்கட்டும் என்று அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

மண்டை காய்ந்துபோய்க் கடைசியில் சேவலிடம் போனாள். சேவல் என்பது இன்னொரு பொறியாளர். போர்டில் மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து, திரைக்கு விளக்கேற்றி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பிவிடுகிற சின்னப் புரோகிராம் அவருடையது. ஊரை எழுப்புகிறவர் என்பதால் சேவல். எட்டு மணிக்கு முன்னால் அவரை யாரும் எழுப்பினதில்லை என்பது வேறு விஷயம்.

"திரைக்கு வெளக்குப் போட்டதும் நீங்க அதுல என்ன வரையறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே. முன்னாடி நம்ம கம்பெனிப் படம் வரைவேன். கண் பிரிவுல விளம்பரம் வேணாம்னாங்கன்னு நீதானேம்மா எடுக்கச் சொன்ன? எடுத்துட்டேன்."

"படத்தை எடுத்தீங்க, சரி. அந்த இடத்தைத் துடைச்சீங்களா?"

"நான் எதுக்குத் துடைக்கணும்? அது திரையோட இடம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கர்னல் துடைக்கும்."

"கர்னல் துடைக்காது."

"ஏன் துடைக்காது?"

"கிட்டயே போகாதேன்னு நான்தானே எழுதி வெச்சிருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்து, கூட்டுவது மற்றவர் வேலை என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தால் வீடு எப்படி இருக்கும்? அப்படிக் கிடந்தது அந்த இடம்.

"அப்ப அங்க பழசு கெடக்கும்ங்கற?" என்றார் சேவல். "ஆனா உன் மேஜைல வரலையே. இத்தனை தரம் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டியே."

"பிளக்கைத்தானே பிடுங்கினேன்" என்று சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினால் மெமரியில் இருப்பதெல்லாம் அழிந்து மணலாகிவிடும். அது பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஆனால் அந்தக் கம்பெனியில் ரீஸ்டார்ட் என்றாலே பிளக்கைப் பிடுங்குவதுதான். மேஜைமேல் போர்டு மூடியில்லாமல் கிடக்கும், ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், பொத்தானைத் தேடி யார் அழுத்துவார்கள்? ஆஸ்பத்திரியில் அவள் முதலில் அழுத்தியது பொத்தான். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் போகாது. போர்டு மட்டும் கண்ணை மூடித் திறக்கும். ஷிப்டு மாறும்போது தானாக நடப்பதும் அதுதான்.

சேவல் அதற்குள் அவள் மேஜைக்கு ஓடிப் பொத்தானை அழுத்தினார். திரை கறுத்து, விளக்கு வந்தது. அவள் வீட்டுக்காரர் பெயர் வந்து நின்றது, கீழே இரண்டு எழுத்துத் தொங்க.

"வந்துட்டாருய்யா மாமா!" என்று சேவல் கத்தினார்.

அந்த ஒரு நொடி அவளுக்குக் கண்ணில் நீர் துளிர்த்துவிட்டது. வந்துவிட்டார். இங்கேயும் வருகிறார், அங்கேயும் வருகிறார். அப்படியானால் அது மெஷினுக்குள்ளேயே எங்கோ ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

"இரு, இரு" என்றார் சேவல். "நீதான் எப்பவும் இந்தப் பேரையே ஓட்டறயே. வேற பேர் போட்டுப் பார்க்கலாம்." அவளைக் கேட்காமலே டோக்கன் பக்கத்தில் 'சேவல்' என்று தட்டினார். திரையில் சேவல் என்று வந்தது. பொத்தானை அழுத்தினார். கறுத்தது, விளக்கு வந்தது.

சேவல்.

"அவ்வளவுதான் சமாச்சாரம்! கடைசியா எந்தப் படம் இருந்துச்சோ அதான் வருது. காலைல கடைசியா கூப்பிட்ட ஆளோட பேர், சாயங்காலம் எழுந்திருக்கும்போது தெரியுது. கூப்பிட்டு முடிச்ச ஆளு அவங்க லிஸ்ட்ல இருந்து போயிருப்பான், அதான் தேடினா கெடைக்கல. டெஸ்ட் பேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கொஞ்சம் கறுப்பு அடிச்சு விட்டேன்னா தீர்ந்துச்சு!" சேவல் கைதட்டினார். அவசரம் எங்கிருந்தோ ஓடி வந்து, மானம் பிழைத்தது என்று அவளுக்குக் கைகொடுத்தார். பெரிய கம்பெனிகளே இதைக் கோட்டைவிட்டிருக்கும் என்றார்.

அவள் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் இவ்வளவு சந்தோஷப்படும்போது அழுதால் நன்றாக இருக்காது என்பதால் அழவில்லை. கடைசியாக எந்தப் படம் இருந்ததோ அதுதான் வரும். அன்றைக்கு அவள் பொத்தானை அழுத்தும்போது அந்தத் திரையில் கடைசியாக இருந்தது அவர் பெயர். இதில் குழம்புவதற்கு இனி ஒன்றுமே மிச்சமில்லை. இத்தனை நாள் குழப்பமாவது இருந்ததே என்றிருந்தது அவளுக்கு.

மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தார். சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவிப் பொறுக்கினார். அவள் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணுக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் கை நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க கண் பிரிவுக்குப் போயிருந்தீங்க. அங்க இருக்கறது எங்க திரை. உங்க பேர் அதுல இருந்துச்சு, நான் பார்த்தேன். அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"பயந்துட்டேன். வேற என்ன சொல்றது? நடுவுல ஒரு புகை மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. ரோடு தெரியுது, வண்டி வர்றது தெரியுது. ஆளோட மூஞ்சியும் எழுத்தும்தான் இருக்க மாட்டேங்குது. பிள்ளைங்களைக்கூடக் குரலை வெச்சுதான் யார்னு சொல்றேன். டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"எங்க பார்த்தேன்? ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பேரைச் சத்தமா கூப்பிடுவாங்கன்னு பார்த்தா கூப்பிடவே இல்ல. எல்லாம் அந்தத் திரையிலதான் வருமாம். என்னமோ பெரிசா எழுதியிருந்துச்சு, அது மட்டும் தெரிஞ்சுது. பக்கத்துல இருந்தவங்களைக் கேக்க வெக்கமா இருந்துச்சு. வேன் டிரைவர், ஒரு பேரைப் படிக்கத் தெரியலைன்னா சிரிக்க மாட்டாங்களா? அப்புறம் யாரோ ஒரு பொம்பளை வந்து ஸ்டூல்மேல ஏறி நின்னு அதை நோண்ட ஆரம்பிச்சா. திரையே அணைஞ்சு போச்சு. சரி, இது இன்னைக்கு ஆகாதுன்னு எழுந்து வந்துட்டேன்."

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். 

"எவ்வளவு தூரத்துல உட்கார்ந்திருந்தீங்க?"

"முன் வரிசைதான். ஏன்?"

"அந்தப் பொம்பளை நான்தாங்க."

அவர் முதலில் நம்பவில்லை. தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, புகைக்கு வெளியே அவள் முகத்தைப் பிடித்துவிடலாம் என்பது மாதிரி ஓரக்கண்ணால் அவளைத் தேடினார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அவள் முழுக்கப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழியத் தொடங்கியும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"உன்னையவா எனக்கு அடையாளம் தெரியல?" என்றார் அவர். "முன்னாடி நின்னது நீயா?"

"ம்."

அவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகில் கொண்டுவந்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார்.

"வேன் முதலாளி நம்பரைப் போட்டுக் கொடு. நாளைக்குக் காலைல வேற ஆளை வரச் சொல்லணும்."